ஆற்றோரம் உலோகச் சுரங்கம் வருகிறது என்றால்: ஊர்க்கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சுரங்கத் திட்டம் பற்றிய பேச்சு கிளம்பிய ஊர்களுக்குப் போகும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என் காதில் விழுகின்றன. கோயில் திண்ணையில் கேட்டதையே அடுத்த ஊர் ரேஷன் கடை வாசலிலும் கேட்கிறார்கள். அவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே கூடியவரை, இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஆற்றின் பக்கம் நிற்பவன், அதை மறைக்கவில்லை. ஆனால் நம் தரப்புக்குச் சாதகமில்லாத உண்மைகளையும் எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் எதிர்த்தரப்பு அதைச் சொல்லும்போது நாம் திகைத்து நிற்கக் கூடாது.

யாரோ வந்து துளை போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். சுரங்கம் வந்துவிட்டது என்றே அர்த்தமா?

இல்லை. முதலில் வருவது ஆய்வு. அதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை போன்ற அமைப்புகள் செய்யும். அடுத்து ஏலம். 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி முக்கிய உலோகங்களுக்கு ஏலம் வழியாகத்தான் உரிமை தர முடியும். ஆய்வு முழுமையாக முடியாத இடத்துக்குக் ‘கூட்டு உரிமம்’ ஏலம் விடுவார்கள். எடுத்தவர் மேலும் துளையிட்டுப் பார்த்த பிறகே சுரங்கக் குத்தகை பெறுவார். அதன் பிறகும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், காட்டு நிலம் இருந்தால் வன அனுமதியும் வேண்டும். துளை போட்ட நாளிலிருந்து முதல் வெடி வைக்கும் நாள்வரை பல ஆண்டுகள் ஆகலாம்.

ஊர் விழித்துக்கொள்ள வேண்டிய காலம் இதுதான். ஏல அறிவிப்பில் எந்தக் கிராமங்கள், எத்தனை ஹெக்டேர் என்று இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டு, எந்தெந்தப் புல எண்கள் வருகின்றன என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வதந்தியை வைத்து ஊரைக் கூட்டினால் இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் வராது. புல எண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள்.

ஆறு ஒரு மைல் தள்ளித்தானே ஓடுகிறது? குழி தோண்டுவதால் ஆற்றுக்கு என்ன வந்தது?

ஆற்றில் ஓடுகிற தண்ணீர் மேலே தெரிகிற பாதி. மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. மழை நின்று மூன்று மாதம் கழித்தும் ஆற்றில் கொஞ்சம் நீர் ஓடுகிறதென்றால், அது இரு கரையிலும் நிலத்தடியிலிருந்து ஊறி வருகிற நீர். சுரங்கக் குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் குழிக்குள் நீர் ஊறத் தொடங்கும். வேலை நடக்க வேண்டுமென்றால் அதை இரவு பகலாக இறைத்தாக வேண்டும். சுற்றிலும் நீர்மட்டம் ஒரு புனல் வடிவில் இறங்கும். முதலில் தோட்டக் கிணறு, பிறகு போர்வெல், பிறகு ஊற்று. குழி ஆற்றுப் படுகையைவிட ஆழமாகிவிட்டால், ஆற்றுக்கு வந்துகொண்டிருந்த ஊற்றுநீர் திசை மாறிக் குழிக்குப் போகும்.

இரண்டாவது அமிலநீர். செம்பு, துத்தநாகம், ஈயம், பல இடங்களில் தங்கம் ஆகியவை கந்தகம் கலந்த பாறையில் கிடைக்கின்றன. காற்றுப் படாமல் ஆழத்தில் கிடக்கும்வரை அந்தப் பாறையால் தொல்லையில்லை. உடைத்து வெளியே குவித்ததும் காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் காட்மியம், ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்களைப் பாறையிலிருந்து கரைத்து ஓடைக்குக் கொண்டுவரும். ஓடைக் கற்களில் துருநிறம் படிந்தால் அது இதன் அடையாளமாக இருக்கலாம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாத் தாதுவிலும் அமிலநீர் வராது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டிலும், கந்தகம் கலக்காத ஆக்சைடு வகை இரும்புத்தாதுவிலும் பெரும் பிரச்சினை செம்மண் சகதிதான். எனவே ‘எந்தக் கனிமம், எந்த வகைப் பாறை’ என்று முதலில் கேளுங்கள். பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்து அமிலநீர் பற்றிப் பேசினால், வந்திருக்கும் நிபுணர் ஒரே வாக்கியத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார்.

கல் குவாரி, மணல் குவாரி எல்லாம் பார்த்தவர்கள் நாங்கள். இது அதைவிட என்ன பெரிது?

கல் குவாரியில் வெட்டியதில் பெரும்பகுதி லாரியில் ஏறிப் போய்விடுகிறது. உலோகச் சுரங்கத்தில் வெட்டியதில் பெரும்பகுதி ஊரிலேயே தங்குகிறது. செம்புத் தாதுவில் ஒரு சதவீதம் செம்பு இருந்தாலே நல்ல தாது. ஒரு டன் பாறையை மாவாக அரைத்தால் 10 கிலோ செம்பு. மீதி 990 கிலோ கழிவு. தங்கத்தில் ஒரு டன்னுக்குச் சில கிராம்தான். தாதுவை எட்டுவதற்காக அகற்றும் மேல்பாறை தனிக்கணக்கு.

அந்த மாவு வெறும் மண் அன்று. உலோகத்தைப் பிரிக்கச் சேர்த்த வேதிப்பொருளும் தண்ணீரும் கலந்த சகதி. தங்கத்துக்குப் பல இடங்களில் சயனைடு பயன்படுத்துகிறார்கள். இந்தச் சகதியை எங்கே வைப்பது என்பதுதான் சுரங்கத்தின் மையக் கேள்வி. பெரும்பாலும் விடை ஒரு பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்றால் அங்கே ஓர் ஓடை இருக்கும். அந்த ஓடை ஓர் ஆற்றில் போய்ச் சேரும்.

கழிவை அணை கட்டித் தேக்கிவிடுவார்களாம். நவீனத் தொழில்நுட்பம், உடையவே உடையாது என்கிறார்களே?

பிரேசிலில் மரியானா நகரை அடுத்த இரும்புச் சுரங்கத்தின் கழிவு அணை 2015 நவம்பர் 5 அன்று உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். சகதி தோசே ஆற்றில் இறங்கி, 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக் கடலில் கலந்தது. நான்கு ஆண்டு கூட ஆகவில்லை. அதே மாநிலத்தில் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று இன்னோர் அணை உடைந்து 270 உயிர்கள் போயின. அந்த அணையில் 2016-க்குப் பிறகு புதிதாகக் கழிவு கொட்டவில்லை. நிலையாக இருக்கிறது என்று சான்றிதழும் இருந்தது. தொழிலாளர் உணவுக்கூடம் அணைக்கு நேர் கீழே இருந்தது. உடைந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

ருமேனியாவின் பாயா மாரேயில் 2000 ஜனவரி 30 அன்று சுமார் 1 லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் வெளியேறி, திசா ஆறு வழியாக டான்யூப் வரை போனது. அதில் செத்து மிதந்த மீன்களின் பெரும்பகுதி பக்கத்து நாடான ஹங்கேரியினுடையது. சுரங்கத்துக்கு அனுமதி தந்த நாடு ஒன்று, மீனை இழந்த நாடு வேறொன்று. ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்களையும் உங்கள் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்வது இதனால்தான்.

தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிட்டு, உலர்ந்த கழிவை அடுக்கும் முறையும் இருக்கிறது. அது அணையைவிட ஆபத்துக் குறைந்தது, செலவு அதிகம். திட்ட அறிக்கையில் எந்த முறை என்று பாருங்கள். உலர் முறை இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

சுரங்கத்தை மூடிய பிறகு நிலம் பழையபடி ஆகிவிடுமா?

கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள். அங்கே நிலத்தடியில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போன குடும்பங்கள் எத்தனையோ. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அரைத்த பாறையின் கழிவு மட்டும் குடியிருப்புகளை ஒட்டி மேடு மேடாக நிற்கிறது. சயனைடு மேடு என்றே பெயர். காற்றுக்காலத்தில் அந்தத் தூள் வீட்டுக்குள் வருகிறது. தங்கம் போய்விட்டது, சம்பளமும் போய்விட்டது, மேடு மட்டும் போகவில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் வேலை நின்றது 1963-இல். உலகிலேயே மிகக் கடுமையான அமிலநீர் அளவிடப்பட்ட இடங்களில் அது ஒன்று. அந்த நீர் சாக்ரமெண்டோ ஆற்றில் இறங்காமலிருக்க இன்றுவரை சுத்திகரித்துக்கொண்டே இருக்கிறார்கள். குத்தகைக் காலம் 50 ஆண்டு. அமிலம் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

வேலை கிடைக்குமே? பையன்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகாமல் ஊரிலேயே இருக்கலாமே?

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. இதைக் கேட்பவர் ஊருக்குத் துரோகம் செய்பவர் இல்லை, பிள்ளையைப் பிரிந்திருப்பவர். வேலை உண்டு, ஆனால் எந்த வேலை என்று பிரித்துக் கேளுங்கள். பெரிய இயந்திரம் ஓட்டவும் ஆலையை நடத்தவும் பயிற்சி பெற்றவர்கள் வெளியிலிருந்து வருவார்கள். ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒப்பந்ததாரர் வழியாகக் காவல், லாரி, துப்புரவு. ‘எத்தனை நிரந்தர வேலை, எத்தனை ஒப்பந்த வேலை, எத்தனை ஆண்டுக்கு’ என்று மூன்று எண்களை எழுதி வாங்குங்கள். பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் போடுங்கள்: இதே ஆற்றுநீரில் இன்று எத்தனை பேர் நடவு, களை, அறுவடை, மாடு, மீன் என்று பிழைக்கிறார்கள்? அதைத் திட்ட அறிக்கை எழுதாது. நீங்கள்தான் வீடு வீடாகப் போய் எழுத வேண்டும்.

மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று உண்டு. ஏலத்தில் எடுத்த சுரங்கம், கனிமம் எடுப்பதற்காக அரசுக்குத் தான் கட்டும் உரிமைத்தொகையில் (ராயல்டி) 10 சதவீதத்துக்கு நிகரான தொகையை அதற்குத் தர வேண்டும். அந்தப் பணம் மாவட்டத்துக்கு வருவது. உங்கள் ஊருக்கே வரும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கிராம சபையில் ‘வேண்டாம்’ என்று தீர்மானம் போட்டால் நின்றுவிடுமா?

ஒடிசாவின் நியம்கிரியில் நின்றது. வம்சதாரா ஆற்றுக்கு நீர் தரும் அந்த மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டம் வந்தது. டோங்கிரியா கோந்த் மக்களின் தெய்வம் குடியிருக்கும் மலை அது. 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம், 2006 வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில், கிராம சபைகளே இதைப் பரிசீலிக்கட்டும் என்றது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார்ந்திருக்க, 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996 சட்டம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின் கீழ் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும் உரியது; தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. வன உரிமைச் சட்டம் மட்டும் இங்கும் பொருந்தும். ஆகவே சமவெளிக் கிராமத்தின் தீர்மானம் தானாகவே திட்டத்தை நிறுத்திவிடாது. ஆனால் அது அரசு ஆவணம். பின்னால் அமைச்சரும் சட்டமன்றமும் நீதிமன்றமும் எடுத்துப் பார்க்கும் முதல் காகிதம் அதுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம்.

அரிட்டாபட்டியில் எப்படி நின்றது? நாங்களும் அப்படிச் செய்ய முடியாதா?

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம், அரிட்டாபட்டியும் அடங்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதியை ஏலம் விட்டார்கள், 2,015.51 ஹெக்டேர். 2024 நவம்பர் 7-இல் ஏல முடிவு அறிவிக்கப்பட்டது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நகருக்கே பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கூட்டத்தின் அளவைப் பார்த்து வியக்கிறோம். அதற்கு முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். அரிட்டாபட்டி 2022-லேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. எத்தனை கண்மாய், எத்தனை சுனை, எந்தக் குன்றில் தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு என்பதெல்லாம் ஏலம் வருவதற்கு முன்பே பதிவாகியிருந்தது. ஆபத்து வந்த பிறகு அவர்கள் பட்டியல் தேடி ஓடவில்லை. என் கருத்தில் அவர்களின் பெரிய பலம் அதுதான். உங்கள் ஊரின் ஊற்று, மடை, பழைய கல், பறவை எல்லாவற்றையும் இன்றே எழுதத் தொடங்குங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போவதா, புறக்கணிப்பதா?

போக வேண்டும் என்பேன். கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதியே கிடையாது. நீங்கள் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். எதிர்ப்பு எதுவும் பதிவாகாது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், தமிழ் நாளிதழில் விளம்பரம் வர வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், பேச்சு வீடியோவில் பதிவாக வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

பேசும்போது கோபம் வரும், வரட்டும். கோபத்தோடு கேள்வியும் இருக்கட்டும். தாக்க அறிக்கைக்கான கள அளவீடுகளை ஒரே ஒரு பருவத்தில், அதுவும் மழையில்லாத பருவத்தில் எடுத்தால் போதும் என்பது நடைமுறை. வறண்ட ஆற்றை அளந்துவிட்டு வெள்ளத்தைப் பற்றி எழுதுகிறார்கள். ‘ஐப்பசியில் இந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் வந்தது, நீங்கள் அளந்தீர்களா?’ என்று அந்த ஓடைக்கரையில் நிலம் வைத்திருக்கும் பெரியம்மா கேட்கட்டும். ஒரு கூட்டத்தில் அப்படி ஒருவர் கேட்டபோது மேடையில் இருந்தவர்கள் பக்கம் புரட்டிக்கொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேசியதை எழுதியும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

எங்கள் கனிமத்துக்குக் கருத்துக் கேட்பே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

உண்மையாக இருக்கக்கூடும். 2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ‘முக்கியமானவை’ என்று பட்டியலிட்டார்கள். அவற்றை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்குப் போனது. 2025 செப்டம்பர் 8-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டு, இந்தக் கனிமங்களுக்கும் அணுக் கனிமங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது.

அனுமதி நடைமுறைக்குள் மக்கள் வாயைத் திறக்க இருந்த சட்டப்பூர்வ மேடையை ஒரு குறிப்பாணையால் அகற்றுவது நியாயமே இல்லை. அப்படிப்பட்ட கனிமம் என்றால் முன்னால் சொன்ன கிராம சபையும் ஊர்ப் பதிவும் இரண்டு மடங்கு முக்கியமாகின்றன. விண்ணப்பம் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும்; அதைக் கண்காணித்து, நிபுணர் குழு கூடுவதற்கு முன்பே உங்கள் ஆட்சேபத்தை அஞ்சலில் அனுப்புங்கள்.

நிலம் என் பட்டா. தர மாட்டேன் என்றால் என்ன செய்துவிட முடியும்?

அரசு நிலம் எடுத்துத் தனியாருக்குத் தருவதானால், பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2013 நில எடுப்புச் சட்டம். ஆனால் தமிழ்நாட்டில் 1997-இன் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன்கீழ் எடுத்தால் இந்த ஒப்புதல் விதி வராது. மேலும் 1957 கனிமச் சட்டத்தின் 24ஏ பிரிவு, குத்தகைதாரர் நிலத்துக்குள் நுழைந்து வேலை செய்யலாம், நிலத்தில் இருப்பவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது.

நோட்டீஸ் வந்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்று பாருங்கள். ஆட்சேபத்துக்கான நாள்கணக்கு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். இந்த இடத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நகர வேண்டாம்.

அனுமதியே கொடுத்துவிட்டார்கள். இனி என்ன, எல்லாம் முடிந்ததா?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்; தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள்வரை ஏற்பார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் கிடையாது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருந்த சுரங்கமே நின்றதும் உண்டு. கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புச் சுரங்கம் பத்ரா ஆற்றின் பிறப்பிடத்தை ஒட்டியது. மக்களும் இயற்கை ஆர்வலர்களும் தொடர்ந்து போராடினார்கள். 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005 இறுதியில் சுரங்கம் நின்றது. ஆனாலும் லக்யா ஓடையை மறித்துத் தேக்கிய கழிவு அங்கேயேதான் இருக்கிறது.

செல்போன் வேண்டும், மின்சார வண்டி வேண்டும், சுரங்கம் மட்டும் வேண்டாமா?

உலோகம் தேவைதான். என் கையிலும் செல்போன் இருக்கிறது. உலோகமே வேண்டாம் என்று ஊர் சொல்லவில்லை. இந்த ஆற்றின் தலைமாட்டில், இந்தக் கழிவு முறையோடு, எங்களைக் கேட்காமல் வேண்டாம் என்கிறது. ஓர் உலோகம் பல இடங்களில் கிடைக்கும். பழைய உலோகத்தை உருக்கியும் எடுக்கலாம். ஆற்றை வேறு இடத்தில் எடுக்க முடியாது.

ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. இதற்கு என்ன செய்வது?

இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பார்த்த மட்டும் சொல்கிறேன். நிலமில்லாதவர்களையும் காலனியையும் கூட்டத்துக்கு முதலிலேயே அழைத்த ஊர்கள் குறைவாகப் பிளந்தன. நிலக்காரர்கள் மட்டும் கூடி முடிவெடுத்த ஊர்களில், வேலை என்ற பேச்சு வந்ததும் மற்றவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆதரிப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போங்கள். சுரங்கம் வந்தாலும் வராவிட்டாலும் அதே தெருவில்தான் வாழப்போகிறீர்கள்.

நாளைக்கே தொடங்குகிற மாதிரி ஒரு வேலை சொல்லுங்கள்.

கிணற்றை அளங்கள். பின்னால் ‘உங்கள் கிணறு முன்பே வற்றியதுதான்’ என்று சொல்லும்போது மறுக்கக் கையில் எழுத்து வேண்டும். நல்ல நைலான் கயிறு ஒன்றில் முழத்துக்கு ஒன்றாக இல்லாமல் சரியாக அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். நுனியில் கல் கட்டி, கிணற்றுச் சுவரின் விளிம்பில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்தே எப்போதும் இறக்குங்கள். கல் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கும். அங்கே நிறுத்தி முடிச்சுகளை எண்ணுங்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பு, மாதம் ஒரு முறை, அதே தேதியில்.

பத்துக் கிணறுகள் போதும்: ஆற்றோரம் நாலு, மேட்டில் மூன்று, ஊருக்குள் மூன்று. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, கிணற்றின் பெயர், முடிச்சுக் கணக்கு, அளந்தவர் கையெழுத்து, பக்கத்தில் நின்றவர் கையெழுத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை ஆசையோடு செய்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கங்களை நகலெடுத்து ஊராட்சி அலுவலகத்தில் மனுவோடு கொடுத்து முத்திரை வாங்குங்கள். நோட்டை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.